ஒரே அடுப்பு என்று எழுதினேன்

எனக்கு மிக அதிகமாகப் பாராட்டு வாங்கித் தந்த வாக்கியம் ஆறு சொற்களில் முடிந்துவிடும். "இரண்டு குடும்பங்கள், ஒரே அடுப்பு, ஒரே உலை." மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன அரங்கில் அதை வாசித்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் கைக்குட்டையை எடுத்தார். கூட்டம் முடிந்ததும் மூன்று பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு அந்த வரியை என்னிடமே ஒப்பித்தார்கள். நான் அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது. அந்த வாக்கியம் பொய். தெரிந்தேதான் எழுதினேன்.

நான் கதை எழுதுகிறவள் இல்லை. இருபது வருடங்களாகக் கட்டுரைதான் எழுதுகிறேன். "கற்பனைக்கும் எனக்கும் ஆகாது" என்று மேடையில் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு திமிரும் உண்டு. அடையாறில் ஒரு மாடி அறையில் சனிக்கிழமைதோறும் கட்டுரை எழுதச் சொல்லித் தருகிறேன். ஐ.டி. வேலையில் இருப்பவர்கள், ஓய்வு பெற்ற வங்கிக்காரர்கள், இரண்டு டாக்டர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். மேலே சொன்ன வாக்கியத்தை அவர்களுக்கு நல்ல கட்டுரைக்கு உதாரணமாகவே காட்டியிருக்கிறேன். அந்த அளவுக்குத் தடித்த தோல்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் மூன்று வீடுகளில் வேலை செய்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். என் வீடும் அதில் ஒன்று. என்னைவிட இரண்டே வயது சின்னவள். அந்த இரண்டு வயதுக்காக என்னை அக்கா என்பாள், அக்கா என்று சொல்லிக்கொண்டே நீ, வா, போ என்றும் பேசுவாள். அப்போது அவள் வீடு அடையாற்றங்கரையில் இருந்தது. ஒருநாள் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு வந்து என் மேஜைக்கு எதிரே நின்றாள்.

"அக்கா, வூடெல்லாம் அளவெடுத்துகினு போய்கீறாங்க. எல்லாரையும் ஊருக்கு வெளிய அனுப்பப் போறாங்கன்னு பேச்சு. நீ எய்துற ஆள்தான? ஒரு தபா வந்து பாத்து எய்தி வையேன். நாளிக்கு எதுக்குனா உதவும்."

போனேன். ஒரு நீளமான அறை. நடுவில் யாரோ ஒருவருடைய கல்யாண வாழ்த்து ஃபிளெக்ஸ் பேனரைக் கட்டி இரண்டாக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் இவள், கணவன், இரண்டு பிள்ளைகள். அந்தப் பக்கம் கணவனுடைய தம்பி குடும்பம், அதுவும் நான்கு பேர். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வாசல். இவளுக்கும் ஓரகத்திக்கும், அதாவது அந்தத் தம்பியின் மனைவிக்கும், பொங்கலிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. லாரித் தண்ணீர் பிடிக்கிற டிரம்மை யார் நகர்த்தி வைத்தது என்பதில் தொடங்கிய சண்டை, டிரம்மையும் தாண்டி எங்கெங்கோ போய்விட்டிருந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து இவள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது எழுந்து நின்று பேனருக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். ஓரகத்தி முதுகைக் காட்டி உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சின்ன சிலிண்டர், அதன் தலையிலேயே பொருத்திய அடுப்பு. என் நோட்டில் அன்றைய கடைசி வரி இப்படி இருக்கிறது: "அடுப்பு 2. இவள் கேஸ். அவள் சின்ன சிலிண்டர்."

சில நாட்கள் கழித்துக் காலை ஒன்பது மணிக்கு அவளிடமிருந்து போன். அழவில்லை. "இட்சிட்டாங்க. வா" என்றாள், அவ்வளவுதான். நான் ஆட்டோ பிடித்துப் போனபோது மணி பத்து. இடிக்க வேண்டியதையெல்லாம் இடித்து முடித்து, இயந்திரம் ஒரு மரத்தடியில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. நோட்டீஸ் எதுவும் ஒட்டவில்லை என்றார்கள். விடிவதற்குள் வந்துவிட்டார்கள், பிள்ளைகளுக்கு அன்றைக்குப் பரீட்சை, புத்தகப் பையை எடுக்கக்கூட விடவில்லை என்றார்கள். சொன்ன எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

கட்டுரையை எழுதி தி. நகரில் இருக்கும் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஜவுளிக்கடைக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். ஆசிரியர் போன் செய்தார். "எல்லாம் சரியா இருக்கு மேடம். ஆனா மனசுல ஒட்டல. அவ சொன்னா, இவர் சொன்னார்னு போய்க்கிட்டே இருக்கு. வாசகன் அங்க நிக்கணும் இல்லையா?" என்றார். பொய் எழுது என்று அவர் சொல்லவே இல்லை. அந்த வேலையை நானே ஆசையாக எடுத்துப்போட்டுச் செய்தேன்.

முதலில் "நான் போனபோது மணி பத்து" என்ற வரியை அடித்தேன். அதை எடுத்ததும், விடியலில் இயந்திரம் வந்ததை நானே நின்று பார்த்தது போல எழுத முடிந்தது. பிறகு "என்று சொன்னாள்" எல்லாவற்றையும் எடுத்தேன். வாக்கியங்கள் விறுவிறு என்று ஓடத் தொடங்கின. புத்தகங்கள் சேற்றில் மிதந்தன என்று எழுதினேன், அதில் ஒரு பிள்ளையின் கையெழுத்து கரைவதையும் சேர்த்தேன். கடைசியில் அந்த வீட்டுக்கு வந்தேன். பேசிக்கொள்ளாத இரண்டு ஓரகத்திகள் எனக்குத் தொந்தரவாக இருந்தார்கள். வீடு போகப் போகிறவர்கள் தண்ணீர் டிரம்முக்காகச் சண்டை போட்டால் படிக்கிறவர்களுக்கு இரக்கம் குறைந்துவிடுமோ என்று பயந்தேன். எங்கள் அடுக்ககத்தில் கார் நிறுத்தும் இடத்துக்காக நான்கு வருடமாக முகம் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீடு இடிந்தால் நியாயம் கேட்பதற்கு முன் அவர்கள் ஒற்றுமையாக இருந்தார்களா என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஏழைகள் மட்டும் நல்லவர்களாகவும் இருக்க வேண்டும். சண்டையை எடுத்தேன். சண்டையை எடுத்தால் இரண்டு அடுப்பு எதற்கு? அதில் ஒன்றையும் எடுத்தேன். எழுதி முடித்து எழுந்தபோது சந்தோஷமாக இருந்தேன், காபி போட்டுக் குடித்தேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

கட்டுரை வந்தது, பாராட்டு வந்தது. அவர்களை ஊருக்கு வெளியே, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தொலைவில், அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவள் அங்கிருந்தும் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள், எட்டு மணிக்கு வருகிறவள் பத்துக்கு வந்தாள். ஒருநாள் வந்ததும் துடைப்பத்தைத் தொடவில்லை. பையிலிருந்து நான்காக மடித்த ஜெராக்ஸ் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். என் கட்டுரை. அவள் அதிகம் படித்தவள் இல்லை, மகள்தான் முந்தின நாள் படித்துக் காட்டியிருக்கிறாள்.

"அக்கா, எங்க வூட்ல ரெண்டு அடுப்பு இருந்திச்சி. நீ பாத்த இல்ல?"

"பாத்தேன்."

"அப்பறம் இன்னாத்துக்கு ஒண்ணுன்னு எய்துன?"

என் வாயிலிருந்து உண்மை வந்துவிட்டது. "அழகா இருக்கும்னு எழுதிட்டேன்."

"யாருக்கு?" என்றாள்.

பிறகு நடந்ததைச் சொன்னாள். வீடு ஒதுக்குகிற அலுவலகத்தில் அடுப்பை வைத்துத்தான் குடும்பத்தை எண்ணுகிறார்கள். தனி அடுப்பு இருந்தால் தனிக் குடும்பம், தனி வீடு. இவளுக்கு வீடு கிடைத்தது. ஓரகத்திக்குக் கிடைக்கவில்லை. பட்டியலில் இரண்டும் ஒரே குடும்பம் என்று இருந்தது. முறையிட்டார்கள். நோட்டீஸ் இல்லாமல் இடித்துவிட்டார்கள் என்றும் நகரத்துக்குள்ளேயே வீடு வேண்டும் என்றும் எல்லாரும் சேர்ந்து ஏற்கெனவே கொடுத்திருந்த மனுவில் என் கட்டுரையைத்தான் ஆதாரமாக இணைத்திருந்தார்கள். வேறு எங்கும் அச்சில் எதுவும் வரவில்லை. அதைப் படித்த அதிகாரி ஓரகத்தியைக் கூப்பிட்டு, நீங்களே கொடுத்த பேப்பரில் ஒரே அடுப்பு என்று இருக்கிறதே என்று கேட்டிருக்கிறார்.

கைக்குட்டை எடுத்தவர்கள், ஒப்பித்தவர்கள், என் மாணவர்கள், யாரும் என் கட்டுரையைக் கட்டுரையாகப் படிக்கவில்லை. எழுதியிருப்பது நடந்தது என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் படித்த ஒரே வாசகர் அந்த அதிகாரிதான். அவர் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் இதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

அன்று மத்தியானமே பத்திரிகை ஆசிரியரைக் கூப்பிட்டுத் திருத்தம் போடச் சொன்னேன்.

"எதுக்கு மேடம்? அது ஒரு படிமம்தானே" என்றார்.

"படிமம் இல்ல சார், பொய். ஒரு குடும்பத்துக்கு வீடு போயிடும்."

"புரியுது. ஆனா திருத்தம்னு போட்டா பழைய கட்டுரை எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. உங்க பேர்தான் கெடும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்த இதழுக்கு அந்த ஓரகத்தியைப் பத்தி ஒண்ணு எழுதுங்களேன், நல்லா வரும்" என்றார். நான் போனை வைத்த வேகத்தில் அது மேஜையிலிருந்து கீழே விழுந்தது.

அடுத்த வாரம் மூன்று பேரும் வீடு ஒதுக்குகிற அலுவலகத்துக்குப் போனோம். அவள், ஓரகத்தி, நான். பஸ்ஸில் அவர்கள் இரண்டு பேரும் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வெவ்வேறு ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அதிகாரி மரியாதையானவர். எனக்கு மட்டும் நாற்காலி போடச் சொன்னார், நான் உட்காரவில்லை. கோப்பைத் திறந்து என் கட்டுரையின் ஜெராக்ஸை எடுத்தார்.

"நீங்க எழுதினதுதானே?"

"ஆமா. அதுல அடுப்பைப் பத்தின வரி தப்பு. ரெண்டு அடுப்பு இருந்தது. நான் பார்த்தேன்." நோட்டைத் திறந்து காட்டினேன்.

அவர் நோட்டைப் பார்த்தார், திருப்பித் தந்தார். "நோட்டுல யார் வேணா எப்ப வேணா எழுதிக்கலாம். அச்சுல வந்தது இது. சரி, இந்த ஒரு வரி தப்பு. மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் நடந்தது."

அவர் பென்சிலை எடுத்தார். "'விடியலின் முதல் வெளிச்சத்தில் இயந்திரம் கரையேறியது.' நீங்க அங்க இருந்தீங்களா?"

"இல்ல. இவங்க சொன்னாங்க."

"சொன்னாங்கன்னு எழுதலையே." அந்த வரியின் மேல் கோடு விழுந்தது. "'புத்தகங்கள் சேற்றில் மிதந்தன.' பார்த்தீங்களா?"

"இல்ல."

கோடு. "'ஒரு சுவரிலும் நோட்டீஸ் இல்லை.' எல்லாச் சுவரையும் பார்த்தீங்களா?"

"நான் போறப்ப சுவரே இல்ல சார்" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. "நோட்டீஸ் ஒட்டினா ஒட்டினதுக்கு உங்ககிட்ட காகிதம் இருக்கணும். அதை எடுத்துக் காட்டுங்க, இதை ஏன் நோண்டுறீங்க?"

"மனுவுல ஆதாரம்னு கொடுத்தது இதைத்தான் மேடம்" என்றார் அமைதியாக. கோடு போட்டார்.

இப்படியே கட்டுரையின் மூன்று பக்கமும் போனது. வகுப்பில் நான் மாணவர்களிடம் கேட்கிற கேள்வி ஒவ்வொன்றையும் அந்த மனிதர் என்னிடம் கேட்டார். உண்மை தெரிய வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, உண்மையைக் கழற்றிப் போடுவதற்காகக் கேட்டார். எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்தைவிட என் மேல் வந்தது அதிகம். "விடிவதற்குள் வந்தார்கள் என்று இவள் சொன்னாள்" என்று எழுதியிருந்தால் அது இவளுடைய சாட்சியாக நின்றிருக்கும். பொய் என்று சொல்ல வேண்டுமென்றால் இவளைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியிருந்திருக்கும். இவளுடைய வாயிலிருந்து அதைப் பிடுங்கி என் கண்ணில் வைத்தேன். என் கண் பத்து மணிக்குத்தான் வந்தது, ஆகவே எல்லாம் தள்ளுபடி. ஒரு ஊரே பார்த்ததை நான் ஒருத்தி பார்க்காததாக்கிவிட்டேன்.

கடைசியில் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். அடுப்பைப் பற்றி எழுதியது என் கற்பனை, மற்றவை நான் நேரில் பார்த்தவை அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், ஓரகத்தியின் மனுவை மறுபடி விசாரிப்பதாகச் சொன்னார். அதை எழுதினால் நோட்டீஸ் பற்றிய எல்லாருடைய மனுவுக்கும் அடியில் இருந்த ஒரே காகிதம் போய்விடும். நகரத்துக்குள் வீடு என்ற பேச்சும் அதோடு போகும். நான் இவளைப் பார்த்தேன். இவளுக்குத்தான் ஒன்றரை மணி நேர பஸ்.

"எய்திக் குடுக்கா" என்றாள். "அவளுக்குத் தலைக்கு மேல கூர வேணும் முதல்ல." ஓரகத்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதிக் கொடுத்தேன். இருபது வருடத்தில் நான் எழுதியதிலேயே கூட்டாமல் குறைக்காமல் எழுதிய ஒரே பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை வகுப்பில், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் தன் அப்பாவைப் பற்றிய கட்டுரையை வாசித்துவிட்டு, கடைசிக் காட்சியில் மழை பெய்ததாகச் சேர்த்தது நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். மழை பெய்ததா என்று கேட்டேன். இல்லை, ஆனால் மனநிலைக்குப் பொருந்துகிறது என்றார். "உங்க மனநிலைக்காக வானத்தைக் கூப்பிடாதீங்க" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் மழையால் யாருடைய வீடும் போகாது. அடுத்த வாரம் அவர் வரவில்லை, நானும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கவில்லை.

விசாரணை நடந்தது. ஓரகத்திக்கு வீடு இல்லை என்று கடிதம் வந்தது. தனி அடுப்புக்கு வேறு ஆதாரம் இல்லையாம். அடுப்பு ஒன்று என்றவரும் இரண்டு என்றவரும் ஒரே ஆள் என்பதால், அவர் சொல்வதை எந்தப் பக்கமும் எடுத்துக்கொள்ள முடியாதாம். நியாயமாகத்தான் இருந்தது, அதனாலேயே பற்றிக்கொண்டு வந்தது. நோட்டீஸ் மனுவையும் அதே கையோடு தள்ளிவிட்டார்கள்.

பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போனேன். நான்காவது மாடி. ஒரு கூடம், ஒரு அறை, எட்டுப் பேர். அடுப்பு மேடையில் ஒரே ஒரு அடுப்புக்குத்தான் இடம். இவள் விடியற்காலையில் பொங்கி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்ப, அவள் ஒன்பது மணிக்கு மேல் உலை வைக்கிறாள். நான் எழுதியபோது பொய்யாக இருந்தது இப்போது உண்மையாகியிருந்தது. இவள் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. ஓரகத்திதான் கதவைத் திறந்தாள், தண்ணீர் கொடுத்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் வேணாங்கா. ஒண்ணு கேக்கட்டா? அன்னிக்கி எங்க வூட்டுக்கு வந்த. பேனருக்கு மேல எட்டிப் பாத்த. நான் கண்டுக்காத மாதிரி இருந்தேன். அவகூட ஒரு மணி நேரம் பேசின இல்ல, என்னாண்ட ஏன் ஒரு வார்த்த பேசல?"

என் நோட்டில் ஒன்பது பக்கம் இருக்கிறது. அதில் ஓரகத்தி சொன்னது ஒரு வார்த்தைகூட இல்லை. "தோணல" என்றேன்.

"எங்க பக்கம் தனியா நம்பர் போட்டுகினு போனாங்க, அளவெடுக்க வந்தவங்க. சுவத்துல பெயிண்ட்ல. லிஸ்ட்ல அந்த நம்பரே கெடயாதுன்றாங்க இப்ப. சுவரே இல்ல, எத்த கொண்டு போய்க் காட்றது? நீ இந்தாண்ட வந்திருந்தா பாத்திருப்ப. நோட்டுல எய்தி, பேப்பர்லயும் போட்டிருப்ப."

அந்தப் பக்கத்துக்குத் தனி வாசல் இருந்தது. நான்கு எட்டு நடந்திருந்தால் போதும். நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். என்ன நம்பர் என்று கேட்டேன்.

"இப்ப எய்தி?" என்றாள். ஆனாலும் சொன்னாள். எங்கே இருந்தது, என்ன நிறம் என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

"62 ஏ. பச்சை பெயிண்ட். கதவுக்கு இடது பக்கம். அவள் சொன்னது. நான் பார்க்கவில்லை."